சின்னக் கார்களின் முன்கண்ணாடி

நம் டவுன்ஷிப் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர், தன் பேரன் கையில் வைத்திருந்த ஒரு சின்னக் காரைப் படம் எடுத்துப் போட்டு, ‘ஃபோர்மேன் மாமா ஞாபகம் இருக்கா?’ என்று கேட்டிருந்தார். வரிசையாகப் பதில்கள் வந்தன. கோபக்காரர் என்றார் ஒருவர். கண் போன ஆத்திரத்தில் ஷோகேஸில் இருந்த கார்களின் கண்ணாடியையெல்லாம் உடைத்துப் போட்டவர் என்றார் இன்னொருவர். டிரைவர் ஒருத்தன் குடித்துவிட்டு ஓட்டியதால்தான் அந்தக் கண் போனது என்று அடுத்ததாக ஒரு பதில் வந்தது. அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டிரைவர் என் அப்பா. எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது. அவர்கள் அதற்குப் பிறகுதான் நம் பிளாக்குக்குக் குடிவந்தவர்கள்.

அப்பா குடித்ததில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஃபோர்மேன் மாமாவின் மகளைப் போனில் கூப்பிட்டேன். குழுவில் இருந்தும் ஒரு வார்த்தை பேசாதவள் அவள். “எழுதட்டுமா?” என்று கேட்டேன். “எழுது. எங்கப்பா சொன்னதையும் சேத்து எழுது. அத விட்டுடாத,” என்றாள். நாமெல்லாம் அறுபதைத் தாண்டிவிட்டோம். சம்பந்தப்பட்ட பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை. எனவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் வீடும் அவர்கள் வீடும் எதிரெதிர் குவார்ட்டர்ஸ். நடுவில் ஒரு ரோடு, ரோட்டோரம் ஒரு வேப்பமரம். அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் ஜீப் டிரைவர். மாமா கோயம்புத்தூர்க்காரர், அதே சுரங்கத்தில் ஃபோர்மேன். நமக்கெல்லாம் உறவுக்காரர்கள் எங்கேயோ தூரத்து ஜில்லாக்களில் இருந்தார்கள். அதனால் எதிர்வீட்டுக்காரர்களே மாமாவும் அத்தையும் ஆனார்கள். அவர்கள் மகளும் நானும் ஒரே வகுப்பு. ஒருத்தி வீட்டில் ஒருத்தி சாப்பிட்டு, ஒருத்தி பாயில் ஒருத்தி தூங்கி வளர்ந்தோம்.

மாமாவின் ஷோகேஸை உங்களில் பலர் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். பயிற்சிக்காக வெளிநாடு போனபோது அவர் வாங்கி வந்த கார்கள் கொஞ்சம். மெட்ராஸில் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்தவை கொஞ்சம். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார்கள். கதவு திறக்கும், டிக்கி திறக்கும். உள்ளே குனிந்து பார்த்தால் தீக்குச்சி மருந்தளவு கியர் குமிழ்கூடத் தெரியும். பொம்மை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “மாடல்னு சொல்லுங்க. நெசக் காரை அளவு மாறாமச் சுருக்குனது,” என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் துணியால் துடைப்பார். எங்கள் இரண்டு பேர் கையிலும் மாறி மாறிக் கொடுப்பார். “கண்ணாடியை மட்டும் தொட வேண்டாம். ரேகை விழுந்துரும்.” அந்த உலோகத்தின் குளிர்ச்சியும் லேசான எண்ணெய் வாசனையும் வெகுநேரம் கையில் நிற்கும்.

விபத்து, முழுப்பரீட்சைக்குக் கொஞ்சம் முன்பு நடந்தது. ஷிப்ட் முடிந்து மாமாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அப்பா சுரங்கத்துக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்தார். முன்னால் மண் ஏற்றிய பெரிய லாரி ஒன்று போனது. அப்பா அதை முந்தப் போனபோது லாரியிலிருந்து ஒரு கல் உருண்டு ஜீப்பின் முன்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி சில்லுசில்லாகச் சிதறியது. அப்பாவுக்குக் கையில் கீறல்கள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் இடது கண்ணில் சில்லு ஏறிவிட்டது. நம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, மெட்ராஸுக்குக் கொண்டுபோய், திரும்ப இங்கேயே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

விசாரணை நடந்தது. சுரங்கத்துக்குள் பாரவண்டியை முந்தக் கூடாது என்பது விதி. ஏன் முந்தினாய் என்று கேட்டதற்கு அப்பா, “நான்தான் சார் முந்தினேன். தப்பு என்னோடதுதான்,” என்றாராம். மாமாவிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்க,” என்றாராம். அப்பாவை வண்டியிலிருந்து இறக்கி ஸ்டோருக்கு அனுப்பினார்கள். பெட்டி தூக்குவது, எண்ணெய் பீப்பாய் உருட்டுவது. அவர் டிரைவர் சட்டை தேய்த்தது தேய்த்தபடி ஆணியில் தொங்கியது. அம்மா அதை எடுத்து மடித்து வைக்கவும் இல்லை, மறுபடி துவைக்கவும் இல்லை.

அத்தை ஒரு நாள் ரோட்டில் நின்று, எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்: “கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி எங்க வீட்டுக்காரர் கண்ணைப் பறிச்ச ஆளு. அந்த வீட்டுப் பக்கம் எம்புள்ள காலெடுத்து வைக்கக் கூடாது.” அம்மா எங்கள் வீட்டு முன் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். அந்தக் கோடை முழுக்க அது திறக்கவே இல்லை. கூடத்தில் எப்போதும் ஒரு வேக்காடு. அப்பா வேலை விட்டு வந்தால் பின்பக்கம் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருவரோடும் பேச மாட்டார்.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். மத்தியானங்களில் சுரங்கத்தில் வெடி வைத்தால் வீட்டு ஜன்னல்களெல்லாம் கடகடவென்று ஆடுமே, நமக்கு அது மழைச் சத்தம் மாதிரி பழகிப்போனது. மாமாவால் மட்டும் இப்போது அதைத் தாங்க முடியவில்லை என்று அவர் மகள் சொன்னாள். சத்தம் கேட்டதும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாராம். ஒரு மத்தியானம் மட்டும் அவர் போகவில்லை. ஷோகேஸைத் திறந்தார். சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து ஒவ்வொரு காரின் முன்கண்ணாடியையும் நெம்பி எடுத்தார்.

அவர் ஆத்திரத்தில் உடைத்தார் என்றுதான் பிளாக் முழுக்கப் பேச்சு. அப்பாவின் மேலிருந்த கோபம் கார்களின் மேல் பாய்ந்ததாம். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்னிடம் சொன்னது வேறு. “அவர் கத்தவே இல்லடி. பட்டாணி உரிக்கிற மாதிரி மெதுவா, ஒண்ணொண்ணா எடுத்தாரு. எடுத்துட்டுக் கைய மூடிட்டு உக்காந்துட்டாரு.” அவளை யாரும் கேட்கவில்லை. பத்து வயசுப் பிள்ளையிடம் யார் கேட்பார்கள்? நெம்பியதில் முறிந்து விழுந்த சில்லுகளை அத்தை பெருக்கி அள்ளினாள். கார்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

லீவு விட்டாயிற்று. ஒரு காலையில் என் தோழி, பாவாடை மடிப்பில் ஒரு காரை ஒளித்துக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தாள். பாலாடை நிறத்தில், முதுகு உருண்ட கார். முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

“எங்கப்பாக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். இதுக்கு ஒரு கண்ணாடி போட்டுட்டா அவர் பழையபடி ஆயிடுவாரு,” என்றாள்.

நானும் அதை அப்படியே நம்பினேன்.

தெளிவான பிளாஸ்டிக் எங்கே கிடைக்கும்? பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்கு வரும் ஆயா ஒருத்தி, டியூட்டி முடிந்து எங்கள் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவது வழக்கம். அவளிடம் பழைய எக்ஸ்ரே படம் கேட்டோம். மறுநாள் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

“இன்னாத்துக்குடி இது ஒங்களுக்கு? எலும்பப் பாத்துகினு குந்தப் போறீங்களா? எங்க வூட்டுப் பையன் இத்த வச்சிகினுதான் கிரகணம் பாத்தான்,” என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, “எதிர்வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தாரே, ஒரு நாளு கூட ஒங்க வூட்டுக்காரர ஒரு வார்த்த சொல்லலம்மா. செவுத்தப் பாத்துகினே கெடந்தாரு,” என்றாள்.

அம்மா சொம்பை வாங்கிக்கொண்டு, “அவர் சொல்லாட்டி என்ன, அவர் பெண்டாட்டிதான் ஊருக்கே சொல்லியாச்சே,” என்று உள்ளே போய்விட்டாள். ஆயா சொன்னதை அன்று யாராவது கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எக்ஸ்ரேயை வெந்நீரும் சலவை சோடாவும் போட்டு ஊறவைத்துத் தேய்த்தோம். கருப்பு வழவழவென்று கழன்று வந்தது. யாரோ ஒருவருடைய மணிக்கட்டு எலும்பு எங்கள் விரலடியில் கரைந்து சாக்கடையில் ஓடியது. மிஞ்சியது லேசான நீலத் தகடு. வெட்டிப் பொருத்தினால் நிற்கவில்லை. காரின் முன்கண்ணாடி இடவலமாகவும் வளையும், மேல்கீழாகவும் வளையும். தகடோ ஒரு பக்கம்தான் வளைந்தது. பசை போட்டு அழுத்தினால், கையை எடுத்ததும் வெடுக்கென்று தெறித்துத் துவைக்கிற கல்லில் விழுந்தது. அவள் பொறுக்கி எடுப்பாள், நான் அழுத்துவேன், அது தெறிக்கும். இப்படியே ஒரு வாரம் போயிருக்கும்.

ஒரு சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தால் அப்பா நிற்கிறார். அவள் காரைச் சுருட்டிக்கொண்டு ஓடப் பார்த்தாள்.

“ஓடாத தாயி. இரு,” என்றார். அவர் குரலைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. காரை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அந்தத் திறந்த முன்பக்கத்தின் வழியாகப் பார்த்தார். “இது யாருக்கு?”

“எங்கப்பாக்கு.”

காரைக் கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தோம். திரும்பி வந்தபோது கையில் தீபாவளிச் சட்டை வந்த பெட்டியின் மூடி இருந்தது. கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக். அம்மா ரிப்பன் போட்டு வைத்திருந்த பெட்டி அது.

“அந்தத் தகடு வளையாது. இது சூட்டுல வளையுமோ என்னமோ. பாப்பம்,” என்றார்.

ஸ்டோரிலிருந்து பாக்கிங் பெட்டிக் கட்டையில் ஒரு துண்டு கொண்டுவந்தார். காரின் திறந்த பக்கத்தில் காகிதத்தை அழுத்திப் பென்சிலால் தேய்த்து அளவு எடுத்தோம். அந்த அளவுக்குக் கட்டையைச் செதுக்கினார். நானும் அவளும் மாறி மாறிக் கல்லில் உரசி வழவழப்பாக்கினோம். மரத்தூள் மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே இருப்போம். சூடாக்கிய பிளாஸ்டிக்கைக் கட்டையின் மேல் போர்த்தி இழுத்தால் அந்த வளைவு அப்படியே வரும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கரி அடுப்பின் மேல் காட்டியதும் முதல் துண்டு கொப்புளித்துப் பொங்கியது. அடுத்தது மஞ்சளாகிச் சுருண்டது. நாற்றம் வீடு முழுக்கப் பரவ, அம்மா வந்துவிட்டாள்.

அடுப்பைப் பார்த்தாள். என் தோழியைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள்.

“அவங்க வீட்டுச் சாமான் இங்க எதுக்கு?”

“பிள்ளைக ஆசப்பட்டுச்சு,” என்றார் அப்பா.

“ரோட்டுல நின்னு உங்கள அந்தப் பேச்சு பேசினா. அவ வீட்டுக்கு உக்காந்து கண்ணாடி செய்றீகளாக்கும்? கால்ல விழுறதுக்கு இது ஒரு வழியா?”

அப்பா இடுக்கியைக் கீழே வைத்தார். என் தோழிக்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் எடுத்துட்டுப் போயிடறேன் அத்தை,” என்று காரை எடுத்தாள். அதன் கதவு ஒன்று திறந்துகொண்டு ஆடியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து இடுக்கியை எடுத்தாள்.

“தீயிலயே கொண்டுபோய் வச்சா எரியாம என்ன செய்யும்? அப்பளம் சுட்டுப் பாத்ததில்ல? எட்டப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிக் காட்டணும்.”

அப்படித்தான் அது வந்தது. கரி நீறு பூத்த பிறகு, எட்டத்தில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் பிளாஸ்டிக் நடுவில் லேசாகத் துவளும். அந்த நொடியில் அப்பா கட்டையின் மேல் இழுத்து அழுத்துவார். முந்தினால் முறியும், பிந்தினால் சுருங்கும். ரிப்பன் பெட்டி தீர்ந்தது. அம்மா தன் பீரோவிலிருந்து இன்னொரு மூடியைக் கொண்டுவந்து வைத்தாள். கடைசியில் ஒன்று, கீறலும் கொப்புளமும் இல்லாமல், தண்ணீர்த் துளியைச் சீவி எடுத்த மாதிரி கட்டையிலிருந்து கழன்று வந்தது. பஞ்சர் ஒட்டுகிற பசையைப் பழைய துண்டில் வைத்துப் பார்த்தோம், பழுப்பாகக் கறை விட்டது. என் கைவேலைப் பெட்டியிலிருந்த வெள்ளைப் பசையால் ஒட்டினோம். ஓரமெல்லாம் பால் கொட்டிய மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது, கெட்டுவிட்டது என்று அழுதோம். காலையில் பார்த்தால் பசை காய்ந்து, ஒட்டிய இடமே தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

“பிள்ள கையில குடுத்துவிட்டா ஆகாதா? அவமானப்படப் போறீங்க,” என்றாள் அம்மா.

“நாந்தான் குடுக்கணும்,” என்றார்.

ரோட்டைக் கடந்தோம். வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். உங்களில் யாருடைய அப்பாவாவது அங்கே இருந்திருப்பார். அத்தை வாசற்படியில் நின்றாள், நகரவில்லை. “இப்ப எதுக்கு வந்தீங்க?” என்றாள். உள்ளேயிருந்து மாமாவின் குரல், “யாரது?” என்றது. “நான்தான் சார்,” என்றார் அப்பா. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, “உள்ள விடு,” என்றார் மாமா.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். அப்பா காரை எதிரே இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். “பிள்ளைக செஞ்சதுக சார். நான் கூடமாட இருந்தேன்.”

மாமா கை நீட்டினார். கை காருக்குக் கொஞ்சம் முன்னாலேயே காற்றைப் பிடித்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது என்று எனக்கு அப்போது தெரியாது. மறுபடி நீட்டி எடுத்தார். கண்ணாடியைத் தொடக் கூடாது என்று எங்களிடம் சொன்ன அதே மனிதர், அதன் மேல் கட்டைவிரலை முழுசாக வைத்து அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் தோள்தான் குலுங்கியது.

“நான் எதுக்கு இதையெல்லாம் பேத்தெடுத்தேன்னு நினைக்கிற?” என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார். “இவரு மேல கோவம்னா? இவரு தானா முந்தல. நான் முந்தச் சொன்னேன். வேண்டாம் சார், விதி இல்லைன்னு ரெண்டு தரம் சொன்னாரு. ஷிப்ட் பஸ் போயிரும், போன்னு சத்தம் போட்டேன். அந்தக் கண்ணாடிகளைப் பாக்குறப்பல்லாம் என் சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு.”

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரில கேட்டப்ப ஞாபகமில்லைன்னு சொன்னேன். எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. இவரு தன் மேல போட்டுக்கிட்டாருன்னு தெரிஞ்சும் வாயத் திறக்கல. இவரு மூஞ்சியைப் பாக்க முடியாமத்தான் கதவைச் சாத்திட்டுக் கெடந்தேன்.”

“நீங்க ஏன் சொல்லல?” என்று அத்தை அப்பாவிடம் கேட்டாள்.

“விடுங்கம்மா,” என்றார் அப்பா.

“நாளைக்கு ஆபீஸ்ல போய்ச் சொல்லப் போறேன்,” என்றார் மாமா.

“வேண்டாம் சார். உங்களுக்கு பிரமோஷன் வர்ற சமயம்.”

ஆனால் மாமா மறுநாள் போனார். அத்தைதான் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றிவிட்டாள். பிரமோஷன் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஃபோர்மேனாகவே ரிடையர் ஆனார். உங்களுக்கெல்லாம் அவர் ‘ஃபோர்மேன் மாமா’வாகவே நின்றுபோனது அதனால்தான்.

அப்பாவுக்கு மழைக்காலம் தொடங்கியபோது மறுபடி வண்டி கொடுத்தார்கள். சுரங்கத்துக்குள் வேண்டாம் என்று அவராகக் கேட்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு வந்தார். நம் பஸ்தான் அது. ‘கட்டை வண்டி’ என்று நீங்கள் கேலி செய்வீர்களே, முன்னால் லாரி போனால் ஒரு பர்லாங் பின்னாலேயே ஊர்ந்து, முதல் மணி அடித்த பிறகு நம்மைக் கொண்டுபோய் இறக்குமே, அந்த பஸ். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

மற்ற கார்களும் ஒவ்வொன்றாக எங்கள் பின்கட்டுக்கு வந்தன. மாமாவே கொண்டுவருவார். இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிலவற்றுக்குக் கண்ணாடி அமைந்தது. சிலவற்றுக்கு வளைவு கடைசிவரை பிடிபடவில்லை. அவை திறந்தபடியே ஷோகேஸுக்குத் திரும்பின. அத்தை பலமுறை எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். அம்மா உட்காரச் சொல்வாள், காபி கொடுப்பாள். பழைய பேச்சு மட்டும் இரண்டு பேருக்கும் திரும்பவில்லை. அம்மா முன் ஜன்னலைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

மாமாவைக் காப்பாற்றத்தான் அப்பா அன்று பொய் சொன்னார் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். மாமாவும் அப்படித்தான் நம்பினார். அந்த நன்றியோடுதான் போய்ச் சேர்ந்தார். அப்பா ரிடையராகி வடலூரில் வீடு கட்டிக்கொண்ட பிறகு, ஒரு நாள் அவர் தோட்டத்தில் முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“ஏம்ப்பா, அன்னைக்கு விசாரணையில எதுக்குப் பொய் சொன்னீங்க?”

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “என்ன பொய்?”

“மாமாதான முந்தச் சொன்னாரு. நீங்க, தப்பு என்னோடதுன்னு சொன்னீங்களே.”

“அவரு சொன்னாரு. சொல்றவங்க சொல்லத்தான் செய்வாங்க,” என்றார். “ஸ்டியரிங் என் கையில இல்ல இருந்துச்சு?”

சொல்லிவிட்டு, குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றிவிடக் குனிந்தார்.